சபர் போகும் முன் ஒரு நிய்யத்: வெளிநாட்டு வேலையும் குடியேற்றமும்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அல்ஹம்து லில்லாஹ். எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக. அம்மா பஅத்.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

இன்று நாம் பேசப்போவது நம்மில் எந்த வீட்டுக்கும் அந்நியமில்லாத விஷயம். வெளிநாடு போவது. இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள்: "ஹஸ்ரத், கல்ஃபுக்கு இரண்டு வருட விசா வந்திருக்கிறது, போகலாமா? கனடாவுக்கு, ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு பி.ஆர். எடுத்துப் போகலாமா? மார்க்கத்தில் கூடுமா?" கூடுமா என்பதற்குப் பதில் சுருக்கமானது. ஹலாலான வேலை, தொழுகைக்குத் தடையில்லாத இடம், நேர்மையான வழி என்றால் கூடும். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: நீங்கள் போவது எந்தப் போக்கு? போய்த் திரும்பும் போக்கா, போய் நிலைக்கும் போக்கா? பலர் இதை முடிவு செய்யாமலேயே விமானம் ஏறிவிடுகிறார்கள். அதன் விலையைப் பிறகு அவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்கள் வீட்டாரும் கொடுக்கிறார்கள்.

நம் கரைக்குப் பயணம் புதிதல்ல

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் இருந்து காயல்பட்டினம், தூத்துக்குடி, கீழக்கரை என்று நீளும் இந்தக் கரையே பயணத்தால் உண்டான கரை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, காயல் என்ற துறைமுகத்தில் ஹோர்முஸில் இருந்தும் ஏடனில் இருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் வந்து நிற்பதை எழுதிவைத்திருக்கிறார். அரபு வணிகர்கள் இங்கே வந்தார்கள். சிலர் திரும்பினார்கள், சிலர் இங்கேயே தங்கி நம் மூதாதையர் ஆனார்கள். ஆக, குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள்தான் நாமும்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். இந்தக் கரையின் பரதவர்களும் முஸ்லிம்களும் ஒரே படகில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார்கள். இலங்கையில் மன்னார் வளைகுடாவில் சிலாபம் திறக்கும் ஆண்டுகளில் படகு படகாக அங்கே போனார்கள். 1900களின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் சில வாரங்களுக்கு மட்டும் ஓலைக்கொட்டகைகளால் ஒரு நகரமே எழும்பும். பல்லாயிரம் பேர் கூடுவார்கள். குளிப்பு முடிந்ததும் அந்த நகரம் மறைந்துவிடும். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிகாரர்களுக்கு. எப்போது போகிறோம், எப்போது திரும்புகிறோம், நம் பங்கு என்ன என்பது கடலில் இறங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். உயிரைப் பணயம் வைக்கும் வேலைதான். ஆனாலும் கணக்கு தெளிவாக இருந்தது.

அதற்குப் பிறகு நம்மவர்கள் கொழும்புக்குப் போனார்கள், ரங்கூனுக்குப் போனார்கள், கல்கத்தாவுக்கும் ஹாங்காங்குக்கும் போனார்கள். 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா வாசல் அகலத் திறந்தது. சபர் போனவரைச் 'சபுராளி' என்று அழைக்க நம் ஊர்களில் தனிச் சொல்லே உண்டு. அந்த அளவுக்குப் பயணம் நம் இரத்தத்தில் இருக்கிறது.

ஆனால் சகோதரர்களே, அதே வரலாறு நமக்கு எச்சரிக்கையும் செய்கிறது. 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த இந்திய வம்சாவளியினர் பல லட்சம் பேரை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று இரண்டு அரசுகள் உட்கார்ந்து தலைகளை எண்ணிப் பிரித்தன. அதே 1960களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனபோது, தலைமுறையாக வாணிபம் செய்தவர்கள் கையில் பையோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். சென்னைக் கடற்கரையோரத்துப் பர்மா பஜார் அவர்கள் பிழைக்க உருவான கடைத்தெரு. ஒரு நாட்டில் நாம் எத்தனை வருடம் இருந்தோம் என்பது ஒன்று. அந்த நாட்டின் சட்டம் நம்மை யாராகப் பார்க்கிறது என்பது வேறொன்று. இந்த வேறுபாடு தெரியாமல் இருந்துவிடக் கூடாது.

மார்க்கம் காட்டும் மூன்று பயணங்கள்

குர்ஆனிலும் சீராவிலும் மூன்று விதமான புறப்பாடுகளைப் பார்க்கிறோம்.

முதலாவது, குறைஷியரின் வணிகப் பயணம். சூரா குறைஷ் அதை அல்லாஹ் செய்த உபகாரமாக நினைவூட்டுகிறது: குளிர்காலத்தில் ஒரு பயணம், கோடையில் ஒரு பயணம். போனார்கள், விற்றார்கள், வாங்கினார்கள், திரும்பினார்கள். பருவம் குறித்த பயணம். வீடு மக்காவில்தான்.

இரண்டாவது, அபிசீனியா ஹிஜ்ரத். கி.பி. 615 வாக்கில், மக்காவின் கொடுமை தாங்காமல் தோழர்கள் நபி (ஸல்) அவர்களின் அனுமதியோடு கடல் கடந்து நஜ்ஜாஷி மன்னரின் நாட்டுக்குப் போனார்கள். அது கிறிஸ்தவ நாடு. ஆனால் அரசர் நீதியாளர். ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் அரசவையில் நின்று ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இஸ்லாம் சொல்வதை மறைக்காமல் சொன்னார்கள். அடைக்கலம் தந்த நாட்டுக்குத் துரோகமும் செய்யவில்லை. அங்கே தொழுதார்கள், பிள்ளை பெற்றார்கள், நிம்மதியாக வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 7இல், கைபர் வெற்றியின் சமயத்தில், ஜஃபர் (ரலி) அவர்களும் எஞ்சியவர்களும் மதீனா வந்து சேர்ந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள்! நீண்ட காலம்தான், ஆனால் அது புகலிடம் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

மூன்றாவது, மதீனா ஹிஜ்ரத். அது போய் நிலைக்கும் போக்கு. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையோடு மதீனா வந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். இவர்களோ அவருக்காக துஆ செய்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். புகாரியில் வரும் செய்தி இது. வந்த ஊரையே தன் ஊராக ஏற்றுக்கொண்டவரின் பேச்சு அது. எட்டு ஆண்டுகள் கழித்து மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. பிறந்த மண் கைக்கு வந்துவிட்டது. இனி நபியவர்கள் இங்கேயே இருந்துவிடுவார்களோ என்று அன்ஸாரிகள் கலங்கியபோது, தம் வாழ்வும் மரணமும் அவர்களோடுதான் என்று நபி (ஸல்) அவர்கள் உறுதி சொன்னார்கள். திரும்பி மதீனாவுக்கே போனார்கள்.

மூன்றுமே சிறந்த முன்மாதிரிகள். மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன? போனவர்களுக்குத் தாங்கள் எதற்குப் போகிறோம் என்பது தெரிந்திருந்தது.

நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்

நம் கரையில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹப். பிரயாணத் தொழுகையின் சட்டத்தைச் சிறுவயது மத்ரஸாவில் ஓதியிருப்பீர்கள். முஸாஃபிர் ஓர் ஊரில், போகும் நாளையும் திரும்பும் நாளையும் விட்டு, நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்துவிட்டால் அவர் முகீம், உள்ளூர்வாசியின் சட்டத்துக்கு வந்துவிடுவார். முழுதாகத் தொழ வேண்டும். சரி, ஒருவர் நிய்யத் வைக்கவில்லை. வேலை இன்று முடியும், நாளை முடியும், முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்றே இருக்கிறார். அவருடைய சட்டம் என்ன? மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் தங்கிய நாட்களை ஆதாரமாக வைத்து, அவர் 18 நாட்கள் வரை சுருக்கித் தொழலாம் என்கிறது நம் மத்ஹப். அதற்கு மேல் இல்லை.

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "நாளைக்குப் போய்விடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவருக்கு ஷரீஅத் கொடுத்த தவணை 18 நாட்கள். நம்மவர்கள் அதே வார்த்தையைச் சொல்லி 28 வருடம் இருக்கிறார்கள்! "இந்த அக்ரிமெண்ட்டோடு முடித்துக்கொள்கிறேன்." "மூத்தவள் கல்யாணம் முடியட்டும்." "வீட்டுக் கடன் தீரட்டும்." "சின்னவன் படிப்பை முடிக்கட்டும்." அங்கேயும் அவர் குடியிருக்கவில்லை, இங்கேயும் குடியிருக்கவில்லை. அறைக்கு நல்ல மெத்தை வாங்கவில்லை, ஏனென்றால் நாளைக்குப் போகப்போகிறார். ஊரில் ஒரு தொழிலுக்கு அடித்தளம் போடவில்லை, ஏனென்றால் இன்னும் வரவில்லை. பிள்ளைகளுக்கு வாப்பா என்றால் போனில் வரும் முகம்.

சிரமத்தைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அந்தத் தியாகத்துக்கு அல்லாஹ்விடம் பெரிய கூலி உண்டு. முடிவு எடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதை நமக்காகக் காலம் எடுத்துவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன். ஆகவே இரண்டு வழிகளையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதல் வழி: ஒப்பந்த வேலைக்குப் போவது

இது குறைஷியரின் பயணம் போன்றது. போய்த் திரும்புவது. வளைகுடா நாடுகளில் வேலைக்குச் செல்பவருக்கு இருக்கும் உரிமை இகாமா உள்ளவரைதான். எத்தனை வருடம் இருந்தாலும் சாதாரணத் தொழிலாளிக்கு அங்கே குடியுரிமை இல்லை. அமீரகத்தின் கோல்டன் விசா, சவூதியின் பிரீமியம் இகாமா என்று 2019 முதல் நீண்டகால அனுமதிகள் வந்திருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் முதலீட்டாளர்கள், மருத்துவர்கள், உயர் நிபுணர்கள் போன்றவர்களுக்கானவை. சவூதியின் நிரந்தர பிரீமியம் இகாமாவுக்குக் கட்டணமே எட்டு லட்சம் ரியால். விதிகளும் மாறும். 2017 ஜூலையில் சவூதி, உடன் தங்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் கொண்டுவந்து, அது 2020இல் 400 ரியாலாக உயர்ந்தது. மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் மாதம் 1,600 ரியால். எத்தனையோ குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின. அது அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். நாம் தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

போகும் முன் கவனிக்க வேண்டியவை:

ஒன்று, வழி. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். அவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இது தொல்லை என்று நினைத்து, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள். அந்த அனுமதியோடு போகிறவருக்குத்தான் பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு கிடைக்கிறது. விபத்தில் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய். இரண்டு வருடத்துக்கு அதன் கட்டணம் 275 ரூபாய்தான். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை இ–மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அவர் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்கிறார் என்றால் அவர் விற்பது வேலையை அல்ல, உங்கள் அவசரத்தை. தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அந்தக் கதவையும் தட்டிப் பாருங்கள்.

இரண்டு, 'ஃப்ரீ விசா.' பெயர்தான் ஃப்ரீ. கஃபீலுக்குக் காசு கொடுத்து அவர் பெயரில் விசா எடுத்து, வெளியே வேறு இடத்தில் வேலை பார்ப்பது. இதில் தொடக்கமே பொய். விசாவில் டிரைவர், வேலை பார்ப்பது கடையில். பிடிபட்டால் சட்டம் உங்களைத்தான் பிடிக்கும். கஃபீல் 'ஹுரூப்' போட்டுவிட்டால், அதாவது ஓடிப்போனவர் என்று புகார் கொடுத்துவிட்டால், ஊருக்கு வரவும் முடியாது, வேலை பார்க்கவும் முடியாது. சூரா மாயிதாவின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்லித்தான் தொடங்குகிறது. பொய்யில் தொடங்கிய ஒப்பந்தத்தை எப்படி நிறைவேற்றுவது?

மூன்று, அக்ரிமெண்ட். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்ல, குர்ஆனிலேயே நீளமான வசனத்தை அல்லாஹ் இறக்கியிருக்கிறான். அல்பகரா 282. உங்கள் இரண்டு வருட உழைப்பு அதைவிடச் சிறியதா? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அமீரகத்தில் வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். அந்தக் கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் பத்து வருடம் கழித்துத்தான் அதைப் புரிந்துகொள்வார்.

நான்கு, கடன். வட்டிக்கு வாங்கி, உம்மாவின் நகையை, மனைவியின் நகையை அடகு வைத்து விசா எடுக்கிறார்கள். முதல் வருடச் சம்பளம் முழுவதும் வட்டிக்கும் அசலுக்கும் போகிறது. முதலாளி கொடுமைக்காரர் என்றாலும் திரும்பி வர முடியாது, கடன் இருக்கிறதே! ஷஹீதுக்குக்கூட எல்லாப் பாவமும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்று முஸ்லிமில் வருகிறது. பரக்கத்தைத் தேடிப் போகும் பயணத்தை வட்டியில் தொடங்காதீர்கள்.

சகோதரர்களே, 2020ஐ மறந்துவிட வேண்டாம். கொரோனா காலத்தில் நம் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் வந்தது. ஜூன் முதல் வாரத்தில் கொழும்பில் இருந்து ஒரு முறை, மாலத்தீவில் இருந்து ஒரு முறை. ஜூலை 1ஆம் தேதி ஈரானின் பந்தர் அப்பாஸில் இருந்து 687 பேர். அவர்களில் பலர் ஒப்பந்தத்துக்கு மீன்பிடிக்கப் போய், மாதக்கணக்கில் வருமானமின்றிக் கரையில் சிக்கிக்கொண்ட மீனவர்கள். கடல் தொழில் செய்த ஊர்களின் பிள்ளைகள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில், சுமார் 200 தொழிலாளர்களை அடைத்து வைத்திருந்த கட்டடம் தீப்பிடித்தது. 45 இந்தியர்களின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் அடிமைப்பட்ட தமிழ் இளைஞர்களை 2022இல் மீட்டு வந்தார்கள். பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. விசாவைச் சரிபார்ப்பது, தங்குமிடத்தை விசாரிப்பது, பாஸ்போர்ட் நகலை வீட்டில் வைப்பது, போனதும் தூதரகத்தின் எண்ணைக் கையில் வைத்துக்கொள்வது, இதுதான் ஒட்டகத்தைக் கட்டுவது.

இரண்டாம் வழி: குடும்பத்தோடு நிலைப்பது

இது மதீனாவைப் போன்ற போக்கு. கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற இடங்களில் நிரந்தர வசிப்புரிமை வாங்கலாம். கனடாவில் 2015 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை. வயது, படிப்பு, மொழி, அனுபவம் என்று மதிப்பெண் போட்டு அழைக்கிறார்கள். ஹாங்காங்கில் ஏழு வருடம் தொடர்ந்து முறையாக வசித்தவர் விண்ணப்பிக்கலாம்.

இங்கேயும் மூன்று விஷயங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பி.ஆர். என்பது குடியுரிமை அல்ல. கனடாவின் பி.ஆர். அட்டையை வாங்கிக்கொண்டு ஊரில் வந்து இருந்துவிட முடியாது. ஐந்து வருடத்தில் 730 நாட்கள் அங்கே இருந்தாக வேண்டும். குடியுரிமை கேட்க 1,095 நாட்கள். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று வைத்தவர்கள் பலர் இரண்டையும் இழந்திருக்கிறார்கள்.

அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2005 முதல் ஓ.சி.ஐ. அட்டை உண்டு. அதை வைத்து வரலாம், தங்கலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. சிங்கப்பூரில் பெற்றோரோடு சேர்ந்து பி.ஆர். பெறும் ஆண்பிள்ளை தேசிய சேவை செய்தாக வேண்டும். கையெழுத்து உங்களுடையது, கடமை உங்கள் மகனுடையது. அதை அவனுக்காக இன்றே யோசிக்க வேண்டியவர் நீங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். போலிச் சான்றிதழ், போலி அனுபவக் கடிதம், பேருக்கு ஒரு திருமணம், இல்லாத ஆபத்தைச் சொல்லி அகதி விண்ணப்பம் ஆகியவற்றில் எதுவும் நமக்கு ஹலால் இல்லை. "அவர்கள் காஃபிர்கள்தானே" என்று சிலர் சொல்கிறார்கள். நஜ்ஜாஷியின் நாட்டில் இருந்த ஸஹாபாக்கள் அப்படி நினைத்தார்களா? விசா என்பது உடன்படிக்கை. அமானத். அதை மோசம் செய்து வாங்கிய இடத்தில் நின்று பிள்ளைக்கு எப்படி உண்மையைக் கற்றுக்கொடுப்பீர்கள்?

பிள்ளைகள் என்றதும் ஒரு அழகான செய்தி நினைவுக்கு வருகிறது. அபிசீனியாவில் பிறந்து வளர்ந்த சிறுமி உம்மு காலித் (ரலி) மதீனா வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆடையைத் தம் கையால் அவருக்கு அணிவித்து, அதன் வேலைப்பாட்டைக் காட்டி, அபிசீனிய மொழியிலேயே 'ஸனாஹ்' என்றார்கள். அழகு என்று பொருள். புகாரியில் இருக்கிறது. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளையின் மொழியை நபியவர்கள் கேலி செய்யவில்லை. அந்த மொழியில் ஒரு சொல்லைச் சொல்லி அணைத்துக்கொண்டார்கள். லீவுக்கு வரும் பேரப்பிள்ளை தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும்போது சிரிக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். அதேபோல, அந்தச் சிறுமி ஈமானோடு வந்தார் என்பதைக் குடியேறப்போகும் பெற்றோர் கவனிக்க வேண்டும். பதின்மூன்று வருடம் அந்நிய நாட்டில் இருந்தும் அவர்கள் வீட்டுக்குள் தீன் உயிரோடு இருந்தது. பள்ளிவாசல் எவ்வளவு தூரம், மத்ரஸா உண்டா, ஜமாஅத் உண்டா என்று வீட்டு வாடகையை விசாரிக்கும் முன் விசாரியுங்கள்.

வீட்டாரின் ஹக்

பயணம் வேதனையின் ஒரு பகுதி, தூக்கத்தையும் உணவையும் அது தடுக்கிறது, ஆகவே வேலை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவில், கணவன் போருக்குப் போயிருந்த ஒரு பெண்ணின் ஏக்கக் குரலைக் கேட்டார்கள். தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று விசாரித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. அதற்கு ஏற்பப் படையினருக்குத் தவணை வைத்தார்கள். ஜிஹாதுக்குப் போனவருக்கே அந்தக் கணக்கு! நாம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருகிறோம்.

ஆகவே, போகும் முன் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். அவள் சம்மதம் கேட்கப்பட வேண்டியது. எத்தனை வருடம், எவ்வளவு சேர்ந்தால் போதும், அந்தத் தொகை சேர்ந்ததும் என்ன தொழில். ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கெடு வந்ததும் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். நீட்டிக்க வேண்டுமென்றால் மறுபடியும் உட்கார்ந்து பேசி நீட்டியுங்கள், தானாக நீள விடாதீர்கள். வயதான உம்மா வாப்பாவை யார் பார்ப்பது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். காக்கா பார்த்துக்கொள்வார், லாத்தா பார்த்துக்கொள்வார் என்று மனதுக்குள் நினைத்துவிட்டுப் போகாதீர்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஊர் சுமத்தும் சுமை

ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஊர்களில் மகளுக்குத் திருமணம் என்றால் ஒரு வீடு கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். பெண் தன் வீட்டிலேயே பாதுகாப்பாக இருக்கிறாள் என்பதில் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. முப்பது வருட சபர். "ஏன் இன்னும் வரவில்லை" என்று அந்த வாப்பாவைக் கேட்கும் ஊர்தான், வீடில்லாத பெண்ணை வேண்டாம் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்புகிறது. மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியது ஆண். இதை மாற்ற ஏஜெண்டும் வேண்டாம், எம்பஸியும் வேண்டாம். மகன் வீட்டார் "வீடு வேண்டாம்" என்று சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லில் ஒரு சபுராளி பத்து வருடம் முன்னதாக ஊர் திரும்புவார். ஒரு பெண் தன் வாப்பாவோடு நோன்பு திறப்பாள். அந்த நன்மை உங்கள் ஏட்டில் எழுதப்படும்.

ஜமாஅத்துக்கும் கடமை உண்டு. திரும்பி வருபவருக்கு வட்டியில்லாக் கடன், போகிறவரின் விசாவைச் சரிபார்த்துச் சொல்ல மஹல்லாவில் விவரமறிந்த இரண்டு பேர். இவை பெரிய செலவில்லாத காரியங்கள். இதில் புன்னைக்காயல் மீனவரும் நம்மவரும் ஒரே படகில்தான் இருக்கிறோம், அன்று சிலாபத்தில் இருந்ததைப் போலவே. ஏமாற்றும் ஏஜெண்ட் மதம் பார்ப்பதில்லை, எச்சரிக்கும் நாமும் பார்க்க வேண்டாம்.

போகாமல் இருப்பதும் ஒரு வழி. அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல வேண்டாம். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டிருக்கிறது. துறைமுகம் வளர்கிறது. ஜும்ஆ முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது சூரா ஜுமுஆ. நம் வாசலும் அந்தப் பூமியில் சேர்ந்ததுதான்.

இரண்டாம் குத்பா

அல்லாஹ்வின் அடியார்களே! சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். செயல்கள் நிய்யத்தைக் கொண்டே என்பது நாம் எல்லோரும் அறிந்த ஹதீஸ். அந்த ஹதீஸ் நிய்யத்தை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணமே ஹிஜ்ரத்தான். புறப்பாடு வெளியே ஒன்றுபோல் தெரியும். உள்ளே இருக்கும் நிய்யத்தால் அது வேறுபடும்.

போய்த் திரும்புவது என்றால், கெடு குறித்துப் போங்கள், கெடுவில் திரும்புங்கள். போய் நிலைப்பது என்றால், குடும்பத்தோடு போங்கள், அந்த ஊரின் நல்ல குடிமகனாக இருங்கள், வீட்டுக்குள் தீனைக் காப்பாற்றுங்கள். இருப்பது என்றால், மனநிறைவோடு இருங்கள். முடிவெடுக்கும் முன் விவரம் அறிந்தவரோடு மஷ்வரா செய்யுங்கள். இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுங்கள். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில். அதைத் தேடும் வழி சுத்தமாக இருக்கிறதா என்பது மட்டும்தான் நம்மிடம் கேட்கப்படும்.

யா அல்லாஹ்! எங்கள் ஊர்களை விட்டுக் கடல் கடந்து உழைக்கும் சகோதரர்களைப் பாதுகாப்பாயாக. அவர்களின் கூலியை முழுமையாகக் கிடைக்கச் செய்வாயாக. அவர்களைப் பிரிந்து காத்திருக்கும் உம்மாக்களின், மனைவிமார்களின், பிள்ளைகளின் கண்களைக் குளிரச் செய்வாயாக. சபரில் மௌத்தானவர்களுக்கு உன் மஃபிரத்தைத் தருவாயாக. கடனில் தவிப்பவர்களின் கடனை ஹலாலான வழியில் தீர்த்துவைப்பாயாக. போகிறவர்களுக்கு நல்ல நிய்யத்தையும், திரும்புகிறவர்களுக்கு நல்ல வாசலையும் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.